ஒஸ்தாவின் பங்கு

என்னைக் கட்டிய மாப்பிள்ளை முர்ஷித் சேர் எம்.ஏ. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டார் என்பது கல்முனைப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஏன் விட்டார் என்பதற்குத்தான் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். வயது போய்விட்டதாம். இங்கிலீஷ் புத்தகம் மண்டைக்குள் ஏறவில்லையாம். மனிசி வாய்க்காரியாம், படிக்க விடவில்லையாம். கடைசிக் காரணத்தில் பாதி உண்மை. நான் வாய்க்காரிதான். ஆனால் அவருடைய படிப்புக்கு இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தே ஓய்ந்து போனவளும் நான்தான். ஆகவே நடந்ததை நானே சொல்கிறேன். என் பெயர் நாச்சியா. தையல் எனக்குத் தொழில், ஒளித்துப் பேசுவது எனக்கு வராது.

அவர் எங்கள் ஊர்ப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறார். போர்த்துக்கேயப் பறங்கி வந்து இறங்கிய கதையைச் சொல்லத் தொடங்கினால், நேற்றுக் காலையில்தான் அவன் வந்து இவருடைய சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி கோபப்படுவார். பிள்ளைகள் அந்தக் கோபத்துக்காகவே பாடத்தைக் கவனிப்பார்கள். வீட்டில் அப்படியில்லை. வீட்டில் உப்புக் குறைந்தாலும் சொல்லமாட்டார், கூடினாலும் சொல்லமாட்டார்.

அவருடைய வாப்பா ஆதம்பாவா, ஒஸ்தா. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஊரில் ஆண்பிள்ளைகளுக்குச் சுன்னத்துச் செய்கிறவரும், கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குச் சவரம் செய்கிறவரும் ஒஸ்தா. அந்த வேலை தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும். வேலையோடு சேர்ந்து இன்னொன்றும் வரும். ஒஸ்தா வீட்டில் யாரும் பெண் எடுப்பதில்லை, பெண் கொடுப்பதுமில்லை. எங்கள் பக்கம் குடி என்று ஒன்று இருக்கிறது. அது தாய் வழி. பிள்ளைக்குத் தாயின் குடிதான். ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு மரைக்கார் உட்கார்ந்திருப்பார், அந்தக் குடியின் நல்லது கெட்டதுக்கு அவர்தான் பேசுவார். ஒஸ்தாமாருக்குக் குடியும் இல்லை, பேச மரைக்காரும் இல்லை. தொழுகையில் தோளோடு தோள் நிற்கலாம். பள்ளி வாசலைத் தாண்டினால் அவரவர் இடம் அவரவருக்குத் தெரியும்.

இவ்வளவுக்கும், ஐம்பது வயதைத் தாண்டிய எந்த ஆம்பிளையும் இந்த ஊரில் ஆதம்பாவா ஒஸ்தாவின் கையால் அழுதவன்தான். கவிழ்த்துப் போட்ட உரலில் பிள்ளையை உட்கார வைத்து, "அந்தா பாரு மனே, முகட்டில கிளி" என்பாராம். பிள்ளை அண்ணாந்து பார்க்கும். கிளியும் இருக்காது, அந்த நேரத்துக்குள் வேலையும் முடிந்திருக்கும். இப்போது நரைத்துப்போன பெரிய மனிதர்களெல்லாம் அந்தக் கிளியைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். கிளி காட்டியவரை வீட்டு முன் கதவால் கூப்பிட்ட ஒருவரையும் நான் அறியேன்.

நான் பெரிய குடியைச் சேர்ந்தவள். பெயரைச் சொன்னால் உட்காரக் கதிரை இழுத்துப் போடுகிற குடி. அப்படியான என்னை ஒஸ்தாவின் மகனுக்கு ஏன் கொடுத்தார்கள் என்று கேட்கலாம். அவர் அரசாங்க உத்தியோகம், எனக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சம்மதம் சொன்ன அன்று என் வாப்பா உம்மாவைத் தேற்றியது எனக்குக் கேட்டது.

"அழாத. மாப்பிள்ள நம்மட ஊட்டுக்கு வந்து இரிக்கப் போறவர். புள்ளகளுக்கு இவள்ர குடிதானே வரும். அவங்கட பக்கம் அதோட முடிஞ்சிரும்."

முடிஞ்சிரும் என்று சாதாரணமாகச் சொன்னார், வேலி ஓட்டையை அடைக்கிற விஷயம் போல.

கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளைக்குச் சவரம் செய்ய வேண்டும். ஒஸ்தாவின் மகனுக்கு யார் செய்வது? ஊரில் வேறு ஒஸ்தா இல்லை. வாப்பாவே மகனுக்குச் செய்தார். பந்தலில் சனம் சுற்றி நின்றது. செய்து முடித்ததும் கத்தியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்தார். அடுப்படியில் நின்று குசினி யன்னலால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் செருகினார். தலையைக் கொஞ்சம் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். ஓலைப்பெட்டியில் நெய்ச்சோறு, இறைச்சி, மேலே வெற்றிலை பாக்கும் உடுக்க ஒரு சாறனும். அதுதான் ஒஸ்தாவின் பங்கு. எந்த விருந்திலும் முதலில் எடுத்து வைக்கிற பங்கு அது, ஈரலும் நல்ல துண்டும் பார்த்துப் போடுவார்கள். பங்கு கொடுத்துவிட்டால் ஒஸ்தா போய்விட வேண்டும். விருந்தில் சஹன் வைப்பார்கள். பெரிய வட்டத் தட்டில் சோறு குவித்து ஆறு பேர் சுற்றி இருந்து ஒரே தட்டில் கை போட்டுத் தின்பது. ஆறு பேரும் வந்து சேரும்வரை யாரும் கை வைக்கமாட்டார்கள். அந்த ஆறு பேரில் ஒருவராக ஒஸ்தா இருந்ததில்லை. தன் சொந்த மகனுடைய கல்யாணச் சோற்றை அந்த மனிதர் பெட்டியில் வாங்கிக்கொண்டு பின்வளவால் போனார். எனக்கு அப்போது கையில் மருதாணி காயவில்லை. அந்தக் கையால் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் கல்யாணத்துக்கு உம்மா தந்த சாமான்களில் ஒரு சஹனும் இருந்தது. நல்ல கனமான ஈயம் பூசிய தட்டு. எங்கள் வீட்டில் ஆறு பேர் சேர்ந்து உட்காரும் விருந்து ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் கூப்பிட்டால் வருவார்கள், முன் அறையில் இருந்து குளிர்பானம் குடிப்பார்கள், "வயிறு சரியில்ல சேர்" என்று எழும்பிப் போவார்கள். எத்தனை வயிறு என் வீட்டு வாசலில் பழுதாகியிருக்கும் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கடைசியில் அந்தச் சஹனைக் கருவாடு காயவைக்க எடுத்துக்கொண்டேன்.

பிறகு சுனாமி நாளில் கடல் வந்தது. என் மாமா ஆதம்பாவாவின் வீடு கரையோரத்தில். வீடும் போனது, அவரும் போனார். மையித்துகளை அடுக்கி வைத்து ஒரே குழியில் அடக்கினார்கள். யார் என்ன குடி என்று அன்று யாரும் கேட்கவில்லை. ஊரோடு ஒன்றாக அவர் படுத்தது அந்த ஒரு நாள்தான். அவருடைய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. கத்திப் பையும் இல்லை. என் மகள் றுஸ்தாவுக்கு அவளுடைய வாப்பாவின் வாப்பா எப்படியிருப்பார் என்று காட்ட எங்களிடம் ஒரு துரும்பும் கிடையாது.

வருடங்கள் போய், நாட்டில் மின்சாரமும் பெற்றோலும் இல்லாத காலத்தில் இந்த மனிதருக்குப் படிக்கும் ஆசை வந்தது. வார இறுதியில் எம்.ஏ.க்குச் சூம் வகுப்பு. கரண்ட் போனால் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நிற்பார். அங்கேதான் புதுச் சொற்களைப் பிடித்தார். காலனியம், பின்காலனியம், காலனிய நீக்கம். நான் பொத்தான் தைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஆபிரிக்காவில் எவனோ ஒருவனுடைய ஊர்ப் பெயரை வெள்ளைக்காரன் மாற்றியதற்கு இவர் இங்கே சோறு தின்னாமல் கிடப்பார்.

ஒரு ஞாயிறு மாடியிலிருந்து இறங்கி வந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"நாச்சியா, விளிம்புநிலை மக்கள் எண்டு செல்றாங்க. ஓரத்துல தள்ளி வெச்ச ஆக்கள். அவங்கட வரலாறத் தனியாவே படிக்கிறாங்களாம். எங்களுக்கும் ஒரு பேர் இரிக்கி."

"ஒங்களுக்கு எப்பவும் ஒரு பேர் இருந்த. அதச் செல்லத்தான் ஒருத்தருக்கும் வாய் வரல்ல" என்றேன்.

சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் கண்டதில்லை.

அந்த வகுப்பை எடுத்தவர் எங்கள் ஊர்க்காரர்தான், பல்கலைக்கழகத்துக் கலாநிதி ஜெமீல். காலனிய நீக்கத்தில் பெரிய ஆள். வெளிநாட்டுக் கூட்டங்களுக்குச் சாறன் உடுத்துக்கொண்டு போவார், கீழே இத்தாலிச் சப்பாத்து. நாங்கள் மனதை விடுவிக்க வேண்டும் என்று கதைப்பார். கதைக்கும்போது கேட்க நல்லாக இருக்கும், அதை மறுக்கமாட்டேன். அவர் செயலாளராக இருந்து ஊர் வரலாற்று நூல் ஒன்று போடப் பள்ளிவாசலில் குழு அமைத்தார்கள். தலைவர் அலியார் ஹாஜியார், அரிசி ஆலைக்காரர், எழுபது வயது. எழுதுகிற வேலை என் மாப்பிள்ளையின் தலையில் வந்தது. "நம்மட வரலாற நாமளே எழுதணும் சேர், ஒங்களவிட்டா ஆரு?" என்று ஜெமீல் வீட்டுக்கே வந்து கேட்டார். அன்று அவருக்கும் வயிறு சரியில்லைதான். ஆனால் கேட்ட விதம் இவரைக் கரைத்துவிட்டது.

எழுதினார். பறங்கி துரத்தியதும், கண்டி ராசா இந்தக் கரையில் கொண்டு வந்து இருத்தியதும், வெள்ளைக்காரனின் வரியும், பிறகு நம்முடைய அரசாங்கங்கள் வந்து வயல் காணிகளுக்குக் கோடு போட்டதும், எல்லாம். மருதமுனைக்குப் போய் நெசவுக்காரர்களிடம் கேட்டார், பொத்துவில் வரை மோட்டார் சைக்கிளில் போய் வந்தார். கடைசி அத்தியாயத்தை மட்டும் யாரிடமும் கேட்டு எழுதவில்லை. அதற்கு "நாங்கள் ஓரத்தில் வைத்தவர்கள்" என்று தலைப்புப் போட்டார். உரலும் கிளியும் அதில் இருந்தன. கக்கத்தில் செருகிய துண்டும் இருந்தது. வெள்ளைக்காரன் நமக்குச் செய்ததை எந்தக் குரலில் சொன்னோமோ, நாம் செய்ததையும் அதே குரலில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார். முதல் வரி: "என் தகப்பன் ஆதம்பாவா, ஒஸ்தா."

எனக்கு வாசித்துக் காட்டினார். நான் தையல் மெசினை நிறுத்திவிட்டேன்.

"இந்தப் புத்தகத்துல வாப்பாட பேர் வந்தாப் போதும் நாச்சியா. எனக்குப் பட்டமும் தேவல்ல, ஒண்டும் தேவல்ல. ஊர்ர பேர் இரிக்கிற புத்தகத்துல அவர்ர பேரும் இரிக்கணும். கடல் கொண்டு போக ஏலாத இடத்துல" என்றார்.

அவர் வாழ்நாளில் இந்த ஊரிடம் கேட்டது அது ஒன்றுதான்.

ஹாஜியாரும் ஜெமீலும் ஒரு அசர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். அத்தியாயத்தைக் கையில் சுருட்டி வைத்திருந்தார் ஜெமீல். நான் வாசல் சீலைக்குப் பின்னால் நின்றேன். அது என் வீடு. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். எங்கே நிற்பது என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

"நல்ல எழுத்து சேர்" என்று ஜெமீல் தொடங்கினார். "ஆனா ஒரு கோட்பாட்டுப் பிழ இரிக்கி. ஒஸ்தா, மரைக்கார் எண்டு பிரிச்சு எழுதினது ஆரு? குடிசன மதிப்பு எடுக்க வந்த வெள்ளைக்காரன். பிரிச்சு ஆளுறதுக்கு அவன் போட்ட கோடு. அதத் திரும்ப நாமளே எழுதினா, அதுதான் காலனிய அறிவு. அதுக்குள்ள இருந்துதானே வெளிய வரணும் எண்டு வகுப்புல படிச்சம்?"

என் மாப்பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் நம்பிப் படித்த சொற்கள் தன் பக்கம் திரும்பி வருவதைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"சேர், என்ட வாப்பா ஒரு வெள்ளைக்காரனோடயும் கதைச்சதில்ல. அவர் கண்டது ஒங்கட ஊட்டுப் பின்வாசலத்தான்" என்றார்.

ஹாஜியாருக்குப் பொறுக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர், அதுதான் கஷ்டம்.

"என்ன தம்பி கதைக்கிறீங்க? ஒங்கட வாப்பாவ நாங்க எப்ப குறைச்சு நடத்தின? எந்தக் கந்தூரியிலயும் அவருக்குத்தான் முதல் பங்கு. மரைக்காருக்கு முந்தி அவருக்கு. அத எழுதுங்க. ஒஸ்தா எண்ட சொல்லு வேணாம், பாரம்பரிய வைத்தியர் எண்டு போடுவம். வெளியாக்கள் வாசிக்கிற புத்தகம், நம்மள நாமளே அம்மணமாக்கலாமா? சாதியெல்லாம் நம்மட மார்க்கத்துல இல்லியே. அதெல்லாம் அந்த வெள்ளைக்காரன் கொண்டு வந்த."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. சீலையை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தேன்.

"ஹாஜியார், சின்ன வயசுல ஒங்களுக்குக் கிளி காட்டினது ஆரு? வெள்ளைக்காரனா?"

ஜெமீலின் கையிலிருந்த குளிர்பானம் சாறனில் சிந்தியது. ஹாஜியார் என்னைப் பார்த்தார், முகட்டைப் பார்த்தார், பிறகு மெல்லச் சிரித்தார். ஜெமீல்தான் சாறனைத் துடைத்தபடி, "சரி, அத்தியாயம் வரும். சேர்ர பேரோடயே வரும். மொழிய மட்டும் நான் ஒருக்கா பாக்கன்" என்றார்.

இவர் நம்பினார். எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னேன். "அவர் எனக்குப் படிப்பிச்சவர் நாச்சியா" என்றார்.

வெளியீடு கடற்கரைப் பக்கத்து மண்டபத்தில். றுஸ்தா கம்பஸிலிருந்து லீவில் வந்து வாப்பாவுக்கு நீலச் சேட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தாள். மேடையில் அவருக்குக் கதிரை. பெண்களுக்கு மேல்மாடி. பின்னால் அடுப்புகள் எரிந்தன, சமையலுக்குப் பொறுப்பு ஹாஜியாரின் மனைவி சுஹறா மாமி. புத்தகம் மேல்மாடிக்கு வந்ததும் றுஸ்தா பின்பக்கமிருந்துதான் பிரித்தாள். அவளுக்கும் தெரியும் எதைத் தேட வேண்டும் என்று. பக்கங்களைத் தள்ளினாள், திரும்பத் தள்ளினாள்.

"உம்மா, இது வாப்பா எழுதினதில்ல."

வாங்கிப் பார்த்தேன். கடைசி அத்தியாயம் இருந்தது. தலைப்பு, "ஒரே சஹனில் உண்ட சமூகம்". எங்கள் ஊரில் ஒஸ்தா என்றும் மரைக்கார் என்றும் ஒருகாலமும் வேற்றுமை இருந்ததில்லை, எல்லோரும் ஒரே சஹனில் கை நனைத்தார்கள், அந்நிய ஆட்சியாளரே இல்லாத பிரிவுகளைப் புனைந்தார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. உரல் இல்லை, கிளி இல்லை. ஆதம்பாவா என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. கீழே எழுதியவர் பெயர் மட்டும் பெரிய எழுத்தில், ஏ. முர்ஷித். அந்த 'ஏ' ஒன்றுதான் மாமாவுக்குக் கிடைத்த இடம். கீழே மேடையைப் பார்த்தேன். அவரும் அதே பக்கத்தைத்தான் பிரித்து வைத்திருந்தார். வாசித்தார், மூடினார், மடியில் வைத்து அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

ஏற்புரைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கின் முன்னால் போய் நின்றார்.

"கடைசி அத்தியாயத்த நான் எழுதல்ல" என்றார்.

தெளிவாகச் சொன்னார். மேல்மாடியின் கடைசி வாங்கில் இருந்தவள் வரை கேட்டது. அடுத்த வசனத்துக்கு அவர் மூச்சு எடுப்பதற்குள் ஜெமீல் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டு மைக்கை வாங்கிவிட்டார்.

"பாத்தீங்களா எங்கட சேர்ர அடக்கத்த! நான் எழுதல்ல, இந்த ஊர்தான் எழுதின எண்டு செல்றார்!"

மண்டபம் முழுக்கக் கைதட்டியது. சிலர் எழும்பி நின்றே தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்தவள், "ஒன்ட மாப்பிள்ளைக்குப் பெருமையே இல்லகா" என்று என் தொடையில் தட்டினாள். கீழே இவர் மேடையை விட்டு இறங்கும்போது ஜெமீலிடம் ஏதோ கேட்டார். ஜெமீல் என்ன பதில் சொன்னார் என்று பிறகு கேட்டறிந்தேன்: "கவலப்படாதீங்க சேர், ஒங்கட பேர்தான் போட்டிரிக்கி."

சாப்பாட்டுக்குப் பாய் விரித்துச் சஹன் வைத்தார்கள். ஆம்பிளைகள் ஆறு ஆறு பேராக உட்கார்ந்தார்கள். மச்சான், மருமகன், கூட்டாளி என்று ஒருவரையொருவர் இழுத்து இருத்திக்கொண்டார்கள். யாரும் இவரை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். யாரும் இழுத்து இருத்தவுமில்லை. ஓரத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெமீல் ஒரு சஹனில் இருந்தபடியே, "சேர், இரிங்க, இரிங்க" என்று கையைக் காட்டினார். எங்கே இருப்பது? அவருடைய சஹனில் ஆறு பேரும் இருந்தார்கள். எல்லாச் சஹனிலும் ஆறு பேர் இருந்தார்கள். ஆட்களைக் கணக்குப் பார்த்துச் சோறு ஆக்கியவர்கள் இவரைக் கணக்கில் சேர்க்கவேயில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. றுஸ்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன், ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று.

நாங்கள் கீழே வரும்போது அவர் அங்கே இல்லை. பின்வாசலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

சுஹறா மாமி அடுப்படியிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். கையில் மூடி போட்ட புது வாளி. மேலே வெற்றிலை, பாக்கு, மடிப்புக் குலையாத ஒரு சாறன்.

"தம்பி, ஒங்கட பங்கு. எல்லாத்துக்கும் முந்தி எடுத்து வெச்ச. ஈரலும் போட்டிரிக்கன். இத்தின பேருக்குள்ள இருந்து தின்ன ஒங்களுக்குக் கூச்சமா இரிக்கும் எண்டு எனக்குத் தெரியும். ஒங்கட வாப்பாக்கும் நான்தான் எடுத்து வெக்கிற, இதே மாதிரி. நல்ல மனிசன்." மாமியின் கண் கலங்கியிருந்தது. உண்மையான அன்புதான் அது. புத்தகம் எழுதிய ஆளுக்குக் கௌரவம் செய்கிறோம் என்று மனதார நினைத்துக்கொண்டுதான் அந்தச் சாறனையே வாங்கியிருப்பார்.

வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று நான் மனதுக்குள் கத்தினேன். அவர் கையிலிருந்த புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் செருகினார். தலையைக் கொஞ்சம் குனிந்தார். இரண்டு கையையும் நீட்டி வாங்கினார்.

இருபது வருடத்துக்கு மேலாகிறது, குசினி யன்னலால் நான் பார்த்து. துண்டுக்குப் பதில் புத்தகம், ஓலைப்பெட்டிக்குப் பதில் வாளி. கை மட்டும் அதே கை. இத்தனை காலம் படித்ததெல்லாம் அந்தக் கைக்கு வந்து சேரவேயில்லை. நான் அழுதேன். கோபத்தில்தான் அழுதேன், வேறு எதற்கும் இல்லை.

மோட்டார் சைக்கிளில் வாளி என் மடியில் சூடாக இருந்தது. றுஸ்தா ஓட்டோவில் வந்தாள். வீட்டுக்கு வந்ததும் இதைக் கோழிக்குக் கொட்டப் போகிறேன் என்றேன்.

"கொட்டாத. சஹன எடு" என்றார்.

"எந்தச் சஹன?"

"நம்மட சஹன."

கருவாட்டு வாசம் போகத் தேய்த்துக் கழுவினேன். முன் அறையில் பாய் விரித்தார். வாளியைக் கவிழ்த்துச் சோற்றைக் குவித்தார், இறைச்சியைப் பரப்பினார், ஈரலை நடுவில் வைத்தார். முன் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்தார். றோட்டில் போகிற வருகிற எல்லோருக்கும் தெரியும். பிறகு சஹனின் ஒரு பக்கம் உட்கார்ந்தார். நானும் றுஸ்தாவும் உட்கார்ந்தோம். மூன்று பேர். மற்ற மூன்று இடத்துக்கும் நாங்கள் தள்ளித் தள்ளி இடம் விட்டிருந்தோம். யாரும் சொல்லாமலே அப்படித்தான் உட்கார வந்தது.

அவர் கை வைக்கவில்லை. கழுவிய கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விருந்து முடிந்து ஆட்கள் போகத் தொடங்கியிருந்தார்கள். வெள்ளைத் தொப்பிகள், புத்தகப் பைகள். சிலர் உள்ளே எட்டிப் பார்த்து ஸலாம் சொன்னார்கள். "சேர், பேச்சு நல்லா இருந்த" என்றார் ஒருவர், நின்றுவிடாமல். நெய் சோற்றின் மேல் உறைந்து வெள்ளையாகியது.

"வாப்பா" என்றாள் றுஸ்தா.

"ஒருத்தரும் வரமாட்டாங்க மகள்" என்றார். "தின்னுங்க."

எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அந்தச் சூம் வகுப்புக்கு அதற்குப் பிறகு அவர் மாடி ஏறவில்லை. ஊரார் கேட்கிற காரணம் இதுதான்.

தின்றோம். சோறு நல்ல ருசியாகத்தான் இருந்தது. ஒஸ்தாவின் பங்கில் எங்கள் ஊர் ஒருநாளும் குறை வைத்ததில்லை.